பாலிக்குப் போகுமுன் இரண்டு ஊசி

மேல்வீட்டுத் தம்பியும் அவன் மனைவியும் சாயங்காலம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு இறங்கி வந்தார்கள். அடுத்த மாதம் பாலிக்குப் போகிறார்கள். ஆறு ராத்திரி, கூட ஏழு வயதுப் பையன். நோட்டில் மருந்துப் பட்டியல்: காய்ச்சல் மாத்திரை, வாந்தி மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கொசு க்ரீம், பிளாஸ்திரி. "அக்கா, ஏதாவது விட்டுப்போச்சான்னு நீங்க ஒரு தடவை பாருங்க" என்றாள் அவள்.

அரசு ஆஸ்பத்திரியின் ஊசி ரூமில் என் சர்வீஸில் பாதி போயிருக்கிறது. நாய்க்கடிப் பதிவேட்டில் பெயர் எழுதி, கையைக் காட்டச் சொல்லி, அடுத்த தேதியைச் சீட்டில் குறித்துக் கொடுத்த வேலை அது. அதனால் என் கண் அந்தப் பட்டியலில் தேடியது ஒன்றைத்தான். அது இல்லை. அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து, "நாய்க்கடி ஊசி போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

தம்பி சிரித்தான். "நம்ம தெருவிலேயே பதினஞ்சு நாய் நிக்குதுக்கா. தினம் ராத்திரி பைக்கைத் துரத்துது. அதுக்கெல்லாம் போடாத ஊசியை பாலிக்குப் போகவா போடணும்?"

நியாயமான கேள்விதான். பலரும் இப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் நம் தெருவில் நாய் கடித்தால் உனக்கு என்னென்ன தெரியும் என்று யோசித்துப் பார். எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல், எங்கே ஓ.பி. சீட்டு, எத்தனை மணி வரை ஊசி என்று எல்லாம் தெரியும். அந்த நாய் யார் வீட்டு வாசலில் படுக்கும், நேற்று எப்படி இருந்தது என்றுகூடத் தெரியும். அடுத்தடுத்த ஊசிக்கு மூன்றாம் நாள், ஏழாம் நாள் நீ இதே ஊரில்தான் இருப்பாய். பாலியில் வாடகை ஸ்கூட்டரில் ஏதோ ஒரு கிராமத்துச் சாலையில் நாய் காலைப் பிடித்துவிட்டால் இவற்றில் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை படகுச் சவாரிக்குப் பணம் கட்டியிருப்பாய். சின்னக் கீறல்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று மனசு சொல்லும். அப்படிச் சொல்வதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி நோயின் கிருமி, கடித்த இடத்திலிருந்து ரத்தத்தில் போவதில்லை. காயத்தின் சதையில் கொஞ்ச காலம் தங்கி, பக்கத்தில் இருக்கிற நரம்பு நுனியைப் பிடித்து, அதன் வழியாக மூளையை நோக்கி ஏறுகிறது. அதனால்தான் கடித்து இரண்டு மூன்று மாதம் வரை ஒன்றுமே தெரியாமல் இருக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் வரலாம். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். அதற்குள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிட்டால் கிருமி மூளைக்குப் போய்ச் சேராது. மூளையைத் தொட்டுவிட்டால் மருந்து கிடையாது. காயம் பட்ட இடத்தில் குறுகுறுப்பு, காய்ச்சல், பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுவது, காற்றுப் பட்டால் உடம்பு தூக்கிப் போடுவது. அறிகுறி வந்த பிறகு பிழைத்தவர்கள் என்று உலகத்திலேயே சில பத்துப் பேர்தான் பதிவாகியிருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள். கிட்டத்தட்ட எல்லாருமே ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பவர்கள், கிட்டத்தட்ட எல்லாருக்கும் நாயால் வந்தது. பத்துப் பேரில் நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

அவள் பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"பாலில அவ்வளவு இருக்கா?" என்றாள்.

பாலியில் 2008 வரைக்கும் ரேபிஸ் இல்லை. தீவு என்பதால் கடல் காத்துவந்தது. அந்த ஆண்டின் கடைசியில் தெற்குப் பக்கம் உங்காசான் என்கிற பகுதியில் ஆரம்பித்தது. வேறொரு தீவிலிருந்து படகில் மீனவர்களோடு வந்த ஒரு நாய்தான் கொண்டுவந்திருக்கும் என்று கருதுகிறார்கள். அது வரைக்கும் வராத நோய் என்பதால் நாய்களுக்கும் ஊசி போட்டிருக்கவில்லை, மனிதர்களுக்கும் கடித்தால் ஓட வேண்டும் என்று பழக்கமில்லை. சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். தீவு முழுக்க நாய்களுக்குக் கூட்டமாக ஊசி போட ஆரம்பித்த பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் நோய் தீவை விட்டுப் போகவில்லை. பாலி நாய்கள் நம் தெரு நாய்கள் மாதிரிதான், வீடு உண்டு, கட்டுப்பாடு இல்லை. வாசலில், கோயில் படியில், கடற்கரையில் படுத்திருக்கும்.

டீ கொதித்து வந்துவிட்டது. ஊற்றிக் கொடுத்தேன். தம்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "நாங்க நாய்கிட்டயே போக மாட்டோம்கா" என்றான்.

இப்படிச் சொல்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. 2019இல் நார்வேயைச் சேர்ந்த 24 வயதுப் பெண் ஒருத்தி பிலிப்பைன்ஸுக்கு நண்பர்களோடு விடுமுறை போனாள். சாலையோரத்தில் ஒரு நாய்க்குட்டி பரிதாபமாக நின்றது. எடுத்துக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, விளையாடினார்கள். குட்டிகள் செய்கிற மாதிரி அது பல்லால் செல்லமாகக் கவ்வியது, நகம் கீறியது. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். காயத்தைச் சுத்தம்கூடச் செய்தார்கள். ஆனால் அது ஊசி போடுகிற அளவுக்கு ஒன்று என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊருக்குத் திரும்பிச் சில வாரம் கழித்து உடம்புக்கு முடியாமல் போனது. மே மாதம் இறந்துபோனாள். அந்த நாட்டில் இருநூறு வருஷமாக யாரும் பார்க்காத நோய்.

இதைச் சொன்னால் எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார்கள். இவர்களும் இருந்தார்கள். வெறி பிடித்த நாய் என்றால் நாக்கைத் தொங்கப்போட்டு, எச்சில் வடிய, கண் சிவக்க ஓடி வரும் என்று நாம் சினிமாவில் பார்த்து வைத்திருக்கிறோம். அப்படியும் உண்டு. ஒரு மூலையில் சோர்ந்து ஒடுங்கி, தாடை தொங்கிப்போய், கால் இழுத்துக்கொண்டு படுத்திருக்கிற ரேபிஸும் உண்டு. அதைப் பார்த்தால் பயம் வராது, இரக்கம்தான் வரும். தண்ணீர் வைக்கப் போவோம், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்குமோ என்று வாயைத் திறந்து பார்ப்போம். நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே எச்சிலில் கிருமி இருக்கும். அதனால் நாய் நல்லாத்தான் இருந்தது என்பது வெளியூரில் ஒரு ஆதாரமே இல்லை. கடித்த நாய் பத்து நாள் உயிரோடு ஆரோக்கியமாக இருந்தால் பயமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஊசியை ஆரம்பித்துவிட்டுத்தான் பத்து நாள் பார்க்க வேண்டும். ஆறாவது நாள் விமானம் ஏறுகிற நீ எந்த நாயைப் போய்ப் பார்க்கப்போகிறாய்?

முதலில் கழுவுவதைச் சொல்லிவிடுகிறேன். கடித்ததும், கீறியதும், ஏற்கெனவே இருக்கிற புண்ணை நக்கியதும், செய்ய வேண்டிய முதல் காரியம் ஓடுகிற தண்ணீரும் சோப்பும். பதினைந்து நிமிஷம். சும்மா சொல்கிற கணக்கு இல்லை. மூன்று சினிமாப் பாட்டு ஓடி முடிகிற நேரம். பெரும்பாலானவர்கள் அரை நிமிஷத்தில் நிறுத்திவிடுவார்கள். அந்தக் கிருமியின் மேல் கொழுப்பால் ஆன உறை ஒன்று இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். நரம்பைப் பிடிப்பதற்கு முன்னால் காயத்திலேயே கிருமியைக் கொல்ல இதைவிட மலிவான வழி கிடையாது. பிறகு பொவிடோன் அயோடின் போடலாம். ஊசி ரூமில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் அப்பிய கால்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவற்றைக் கழுவி எடுப்பதற்கே எங்களுக்குப் பாதி நேரம் போய்விடும், கடிபட்டவருக்கு வலியில் உயிர் போகும். எதுவும் அப்ப வேண்டாம், கட்டுப் போட வேண்டாம், தையல் போட அவசரப்பட வேண்டாம். உங்கள் பட்டியலில் ஒரு சோப்பும் சின்ன பாட்டில் அயோடினும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் எழுதிக்கொண்டாள்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஊசி என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அது இரண்டு வேறு பொருள். ஒன்று தடுப்பூசி. செத்த கிருமியை உடம்புக்குக் காட்டி, இவன்தான் திருடன், பார்த்து வைத்துக்கொள் என்று சொல்வது. உடம்பு அதைப் பார்த்துப் பழகி, தானே ஆயுதம் செய்து முடிக்க ஏழிலிருந்து பதினான்கு நாள் ஆகும். கடி ஆழமாக இருந்தால், தலையிலோ முகத்திலோ விரலிலோ இருந்தால், அந்த நாட்களுக்குள் கிருமி நரம்புக்குள் போய்விடலாம். அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் இரண்டாவது பொருள், சீரம். இம்யூனோகுளோபுலின் என்று சீட்டில் எழுதுவோம். வேறொரு மனிதரின் ரத்தத்திலிருந்தோ குதிரையின் ரத்தத்திலிருந்தோ எடுத்த, ஏற்கெனவே செய்து முடித்த ஆயுதம். அதைக் கையில் போட மாட்டோம். காயத்துக்குள்ளேயும் காயத்தைச் சுற்றியும் போடுவோம், கிருமி நிற்கிற இடத்திலேயே பிடிப்பதற்கு. வலிக்கும். விரல் நுனியில் போடும்போது பெரிய ஆம்பளைகள் கத்தியதைக் கேட்டிருக்கிறேன்.

எல்லாக் கடிக்கும் சீரம் தேவையில்லை. காயமில்லாத தோலை நாய் நக்கியது, தொட்டோம், சாப்பாடு போட்டோம் என்றால் ஒன்றுமே வேண்டாம், கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், தோலைக் கவ்வி விட்டது என்றால் தடுப்பூசி. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி, ஒரே ஒரு பல் பட்டிருந்தாலும் சரி, புண்ணில் நக்கியது, எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டது, வௌவால் விவகாரம், இவற்றுக்குத் தடுப்பூசியும் வேண்டும், சீரமும் வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், தடுப்பூசி உலகத்தில் பல இடத்தில் கிடைக்கும். சீரம் கிடைக்காது. மனித ரத்தத்திலிருந்து செய்வது விலை அதிகம், வரத்துக் குறைவு, குளிரில் வைக்க வேண்டும். எடைக்கு ஏற்ற அளவு வேறு. மனித சீரம் என்றால் ஒரு கிலோவுக்கு 20 யூனிட், குதிரை சீரம் என்றால் 40. தம்பி மாதிரி எழுபது கிலோ ஆளுக்கு 1,400 யூனிட் மனித சீரம் வேண்டும். ஒரு சின்னத் தீவில், சனிக்கிழமை சாயங்காலம், ஒரு கிளினிக்கில் போய் இதைக் கேட்டுப் பார். சுற்றுலா போன இடத்தில் கடிபட்டவர்கள் சீரம் தேடி அடுத்த ஊருக்கும் அடுத்த நாட்டுக்கும் போவது சாதாரணமாக நடக்கிறது. பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு.

இப்போது நான் ஏன் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்கிறேன் என்று புரிகிறதா? முன்கூட்டியே தடுப்பூசி போட்டவருக்கு ஆயுதம் செய்கிற விதம் உடம்புக்கு ஏற்கெனவே தெரியும். கடித்த பிறகு இரண்டே ஊசி, அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று. சில நாட்களில் எதிர்ப்புச் சக்தி பெருகிவிடும். சீரம் வேண்டவே வேண்டாம். கிடைக்காத பொருளைத் தேடி அலைகிற அவசியமே இல்லாமல் போகிறது. முன்கூட்டிப் போட்டதால் கடித்த பிறகு ஒன்றுமே வேண்டாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. கழுவுவதும் அந்த இரண்டு ஊசியும் கட்டாயம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அவர்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

"எத்தனை ஊசிக்கா? தொப்புளைச் சுத்திப் பதினாலா?" என்றான் தம்பி. அவன் பிறந்த காலத்துக்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தம் குறைவு, ஆனாலும் பயம் வீட்டு வழியாக அவனுக்கு வந்திருக்கிறது. அவன் அப்பாவுக்குப் போட்டிருப்பார்கள். ஆட்டு மூளையில் வளர்த்துச் செய்த மருந்து அது. வயிற்றில் தினம் ஒன்றாகப் போட்டோம். என் முதல் வருஷங்களில் நானே போட்டிருக்கிறேன். ஊசியைப் பார்த்ததும் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொள்கிற குழந்தைகளின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2004 இறுதியோடு இந்தியாவில் அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது கையில், சாதாரண ஊசி மாதிரி. கொஞ்சம் வலி, சிலருக்கு லேசான காய்ச்சல். குழந்தைக்கும் போடலாம், கர்ப்பிணிக்கும் போடலாம். கறி சாப்பிடக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

முன்கூட்டிப் போடுவதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2018 முதல் இரண்டு நாள் போதும் என்கிறது, இன்றைக்கு ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. நம் ஊரில் பல டாக்டர்கள் மூன்றாவதாக 21ஆம் நாளோ 28ஆம் நாளோ ஒன்று சேர்த்துப் போடுவார்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறது, டாக்டர் மூன்று சொன்னால் மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். நான் பணிவாகச் சொல்வது இதுதான்: பெரியவர்கள் இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, பையனுக்கு இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

பையனைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருக்கிறது. கடி தலையில், கழுத்தில் விழும். அங்கிருந்து மூளைக்குத் தூரம் குறைவு. இன்னொன்று, குழந்தை சொல்லாது. என்னிடம் ஒருநாள் ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பனியனைக் கழற்றும்போதுதான் தோளில் பல் பட்ட தடம் தெரிந்ததாம். பழைய காயம், பொருக்குத் தட்டியிருந்தது. எப்போது கடித்தது என்று கேட்டால் பையன் வாயைத் திறக்கவில்லை. அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு பிஸ்கட் கொடுத்து, நான் தனியாகக் கேட்டேன். பதினோரு நாள் ஆகிவிட்டது. நாய்க்குக் கல் எறிந்ததற்கு அப்பா அடிப்பார் என்று மறைத்திருக்கிறான். அன்றைக்கே சீரமும் ஊசியும் ஆரம்பித்தோம், அவன் நன்றாக இருந்தான். அந்தப் பதினோரு நாளை நினைத்து நான் பல ராத்திரி தூங்கவில்லை. அதனால் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் பையனிடம் சொல்லிவிடுங்கள்: எந்தப் பிராணி தொட்டாலும் நக்கினாலும் கீறினாலும் ஓடி வந்து சொல், திட்டவே மாட்டோம். சொன்னால், திட்டாமலும் இருங்கள்.

நாட்கள் கடந்துவிட்டாலும் போடலாமா என்று அவள் கேட்டாள். போடலாம். போட வேண்டும். ஒரு வாரம் ஆனாலும், மூன்று மாதம் ஆனாலும், அறிகுறி வராத வரை காலம் கடந்துவிட்டது என்பதே இல்லை. வெளியூரில் போன வருஷம் கீறியதை இன்றைக்கு நினைவு வந்து கேட்கிறவரையும் நாங்கள் திருப்பி அனுப்ப மாட்டோம். ஜப்பானில் 1957க்குப் பிறகு உள்நாட்டில் ரேபிஸே இல்லை. ஆனாலும் 2006இல் இரண்டு பேரும் 2020இல் ஒருவரும் அங்கே இந்த நோயால் படுத்தார்கள். கடி பட்டதெல்லாம் பிலிப்பைன்ஸில். அங்கே அன்றைக்கு ஊசி ரூமைத் தேடிப் போயிருந்தால் போதும்.

உபுதில் குரங்குக் காடு பார்க்கப் போகிறோம் என்று பையன் ஊஞ்சலிலிருந்து கத்தினான். நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். பாலியிலிருந்து திரும்பி ஊசி கேட்டு வருகிறவர்களில் குரங்கு கடித்தவர்கள் நிறைய. உலுவத்து கோயிலில் குரங்குகள் கண்ணாடியையும் செல்போனையும் பிடுங்கிக்கொண்டு, பழம் கொடுத்தால்தான் திருப்பிக் கொடுக்கும். பிடுங்கும்போது நாம் இழுத்தால் கடி. குரங்கிடமிருந்து ரேபிஸ் வருவது அபூர்வம்தான், ஆனால் வராது என்று யாராலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாததால் நாய்க்கடி மாதிரியே பார்க்கிறோம். பையில் சாப்பாடு வைக்காதீர்கள். கண்ணாடி, தொப்பி, தொங்கட்டான் எல்லாம் உள்ளே போகட்டும். தோளில் ஏறவிட்டுப் போட்டோ எடுக்க வேண்டாம். அப்புறம் தம்பி, நீ பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஆள். குரங்குக்குப் பல்லைக் காட்டினால் அது சண்டைக்குக் கூப்பிடுவது. கண்ணுக்குக் கண் பார்ப்பதும் அப்படித்தான்.

அங்கே கடித்துவிட்டால் எங்கே போவது? ஹோட்டல்காரரிடம் ரேபிஸ் என்று ஒரு வார்த்தை சொன்னாலே புரியும், அந்த ஊர் பட்டுத் தேர்ந்த ஊர். அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தை அங்கே புஸ்கெஸ்மாஸ் என்பார்கள். தடுப்பூசியை வி.ஏ.ஆர். என்றும் சீரத்தை எஸ்.ஏ.ஆர். என்றும் எழுதுவார்கள். எஸ்.ஏ.ஆர். இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் ஊசி போட்டாச்சு என்று சொன்னாலே நாம் திருப்தியாகத் திரும்பிவிடுவோம். இந்தோனேசியாவில் முதல் நாளே இரண்டு கையிலும் ஒவ்வொன்று, 7ஆம் நாள் ஒன்று, 21ஆம் நாள் ஒன்று என்கிற முறை வழக்கம். நம் அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் கொஞ்சமாக, இரண்டு கையிலும், முதல் நாள், 3, 7, 28 என்று நான்கு தடவை போடுகிறோம். இரண்டும் சரியானதுதான். அங்கே ஆரம்பித்ததை இங்கே முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, மீதியை முடித்தால் போதும். அதற்கு அவர்கள் கொடுக்கிற சீட்டு வேண்டும்: மருந்தின் பெயர், தேதி, தசையில் போட்டதா தோலில் போட்டதா. கையோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள். அங்கே சீரம் கிடைக்காமல் தடுப்பூசி மட்டும் போட்டிருந்தால், முதல் ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் இங்கே வந்து சீரம் போட்டுக்கொள்ளலாம். அதற்கப்புறம் உடம்பே செய்ய ஆரம்பித்திருக்கும், வெளியிலிருந்து கொடுத்துப் பயனில்லை. அந்த ஏழு நாளுக்குள் விமான டிக்கெட்டை மாற்ற வேண்டியிருந்தால் மாற்று. பணத்தைப் பார்க்காதே.

தோலுக்குள் கொஞ்சமாகப் போடுகிற இந்த முறை தாய்லாந்துக்காரர்கள் உலகத்துக்குக் கொடுத்தது. பாங்காக்கில் ராணி சாவபா நினைவு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. பாம்புப் பண்ணை பார்க்க நம் ஆட்கள் டூரில் போவார்கள், அதே இடம்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் இளவரசர் தம்ரோங்கின் மகள் ரேபிஸில் இறந்துபோனாள். அப்போது சயாம் என்றிருந்த தாய்லாந்தில் ஊசி கிடையாது, கடல் தாண்டி சைகோனுக்குப் போக வேண்டும். அந்தத் துயரத்திலிருந்து பாங்காக்கில் பாஸ்டர் நிறுவனம் பிறந்தது, இந்த ராணி சாவபா நிறுவனத்தின் முன்னோடி அது. எனக்கு இது படிக்கும்போது நம் குன்னூர் ஞாபகம்தான் வந்தது. அதற்கும் இப்படி ஒரு பெண். 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்பவர் நாய்க்கடியில் இறந்துபோனார். அன்றைக்கு இந்தியாவில் ஊசி இருந்தது வடக்கே கசௌலி மலையில். நீலகிரியில் நாய் கடித்தால் ரயிலேறி இமயமலை அடிவாரத்துக்குப் போக வேண்டும். 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்த பிறகுதான் தெற்கே இருந்தவர்களுக்கு அந்தப் பயணம் நின்றது. ஊசி இருக்கும், நீ இருக்கிற இடத்தில் இருக்காது. அன்றைக்கும் அதுதான் கஷ்டம், பாலியில் சீரம் தேடும்போதும் அதுதான் கஷ்டம்.

டம்ளர்கள் காலியாகிவிட்டன. அவள் எழுந்து இன்னொரு சுற்று டீ போட உள்ளே போனாள், என் வீட்டில் அவளுக்கு அந்த உரிமை உண்டு. அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "அப்ப சிங்கப்பூர், மாலத்தீவு போனாலும் போடணுமாக்கா?"

ஊரைப் பொறுத்தது. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு ரேபிஸ் இல்லை. மாலத்தீவில் நாய் வளர்க்கவே அனுமதி கிடையாது. ஜப்பான் சொன்னேன். இங்கேயெல்லாம் நாய்க்காக முன்கூட்டி ஊசி தேவையில்லை. இலங்கை, தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, இங்கெல்லாம் யோசிக்க வேண்டும், அதிலும் குழந்தையோடு, கிராமப்பக்கம், ஸ்கூட்டர், ஓட்டப் பயிற்சி, நீண்ட நாள் தங்கல் என்றால். இல்லை என்றிருந்த இடத்துக்கு வருவதும் உண்டு. பாலிக்கு வந்த மாதிரி மலேசியாவின் சரவாக்குக்கு 2017இல் வந்தது, திமோர் லெஸ்தேவில் 2024இல் முதல் சாவு நடந்தது. அதனால் பத்து வருஷத்துக்கு முன்னால் போய் வந்தவர் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். அமெரிக்காவில் நாய்ப் பயம் குறைவு, அங்கே வௌவால். அதன் பல் ஊசி முனை மாதிரி, தூக்கத்தில் கடித்தால் தடமே தெரியாது. படுத்திருந்த அறையில் வௌவாலைக் கண்டு எழுந்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நாய் ரேபிஸ் இல்லை, ஆனால் வௌவாலில் அதன் பங்காளி வைரஸ் ஒன்று 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது, அதிலும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எந்த நாட்டிலும் வௌவாலை வெறுங்கையால் தொட வேண்டாம்.

டீயோடு வந்தவள் டம்ளரைக் கீழே வைக்காமலே நின்றாள். "அக்கா, கனடாவிலேர்ந்து என் அக்கா பசங்க மே மாசம் வர்றாங்க. ரெண்டு மாசம் இருப்பாங்க. போன தடவை அந்தச் சின்னவ நம்ம வாசல் குட்டிக்கெல்லாம் பிஸ்கட் போட்டுக்கிட்டே இருந்தா."

இதை நானே கேட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு வெளிநாடு நம் தெருதான். தாத்தா பாட்டி வீட்டுக்கு வருவதைப் பயணமாகவே யாரும் நினைப்பதில்லை, சொந்த ஊர் என்கிற தைரியம். பெற்றோர்களும் இங்கே நாயோடு வளர்ந்தவர்கள். அங்கே வளர்த்த நாயைக் கட்டிப்பிடித்துப் பழகிய குழந்தை இங்கே வாசலில் உட்கார்ந்து குட்டியை மடியில் எடுத்துக்கொள்ளும். அவர்கள் அங்கேயே கிளம்புவதற்கு முன்னால் போட்டுக்கொண்டு வரட்டும். அங்கே விலை அதிகம் என்று தள்ளிப்போட்டால், வந்து இறங்கிய வாரமே இங்கே போடலாம். அதுவரை அந்தச் சின்னவள் கையில் பிஸ்கட் கொடுக்காதே.

"இன்னிக்கே போன் பண்றேன்" என்றாள்.

தினக்காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் தேதி எழுதினேன். பழைய பழக்கம், கை தானாகக் கட்டம் போட்டுவிட்டது. வியாழன் முதல் ஊசி. அடுத்த வியாழன் இரண்டாவது. அன்றைக்குப் பையனுக்குக் கணக்குப் பரீட்சை என்றாள். முடிந்து மத்தியானம் கூட்டிக்கொண்டு போகலாம், ஓ.பி. சீட்டு மட்டும் நான் காலையிலேயே விசாரித்து வைக்கிறேன் என்றேன். மூன்றாவது வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டு அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

பையன் ஊஞ்சலை விட்டு இறங்கி வந்து தாளை எட்டிப் பார்த்தான். ஊசி தன் கையிலா அப்பா கையிலா என்று கேட்டான். மூன்று பேருக்கும்தான் என்று அவன் அப்பா சொன்னான்.